பந்து எங்கே இருந்தது

பேஸ்போல் விளையாட்டில் யார் யாரை முட்டலாம், யார் யாருக்கு வழிவிட வேண்டும் என்பதை இரண்டு முழு நாள் வகுப்பு வாங்கில் குந்தியிருந்து படித்தவன் நான். அதற்குச் சான்றிதழும் உண்டு. மனைவி அதைச் சட்டம் போட்டு முன்னறையில் கொழுவப் பார்த்தாள். நான்தான் விடவில்லை. இப்போது அது அலுமாரியில், எனக்கு இறுகிப்போன காற்சட்டைகளுக்கு அடியில் கிடக்கிறது. அங்கேயே கிடக்கட்டும்.

நான் ஒரு கணித ஆசிரியர். வயது ஐம்பதைத் தொடுகிறது. ஆசிரியர் அறையில் என்னைச் சுற்றி எப்போதும் சிரிப்பு இருக்கும். அதை நான் இன்னொரு உத்தியோகம் போலவே பார்த்துவந்தேன். யாருடைய முகமாவது இறுகினால் ஒரு பகிடி. எனக்குப் பயம் வந்தால் இரண்டு பகிடி. இந்த இரண்டாவது விசயம் அந்தப் போட்டி நாள் வரைக்கும் எனக்கே தெரியாது.

எங்கள் பக்கத்துப் பள்ளிக்கூடங்களில் பெண்பிள்ளைகள் பேஸ்போல் விளையாடத் தொடங்கிக் கொஞ்சக் காலம்தான். பிள்ளைகள் கெதியாகப் பிடித்துக்கொண்டார்கள். நடுவர்மாருக்குத்தான் பஞ்சம். பள்ளிக்கூடத்துக்கு ஒருவரைப் பயிற்சிக்கு அனுப்பச் சொல்லிக் கடிதம் வந்த அன்று, எங்கள் விளையாட்டு ஆசிரியர் தன் தங்கையின் கலியாணத்துக்கு லீவில் நின்றார். அதிபர் கடிதத்தோடு ஆசிரியர் அறை வாசலுக்கு வந்தார். எல்லோரும் கொப்பி திருத்தத் தொடங்கிவிட்டார்கள். நான் மட்டும் ஒரு கதையின் நடுவில், வாயைத் திறந்தபடி நின்றேன்.

"மாஸ்ரர், நீங்கள் சும்மாதானே இருக்கிறியள்?"

"சும்மா இல்லை சேர், கதைச்சுக்கொண்டு இருக்கிறன்."

"அப்ப உங்களுக்குத்தான் பொருத்தம். அங்கையும் நிண்டு கத்துற வேலைதான்."

அப்படித்தான் நான் நடுவரானேன்.

பயிற்சி தந்தவர் தெற்கிலிருந்து வந்தவர். நிறுத்தி நிறுத்தி, அழகான தமிழில் பேசினார். முட்டுப்படுவதைப் பற்றியே ஒரு பின்நேரம் முழுக்கச் சொன்னார். அடித்த பந்து உருண்டு வருகிறது, அதை எடுக்க ஒருத்தி போகிறாள் என்றால் வழி அவளுக்கு. ஓடுகிறவள்தான் விலக வேண்டும். விலகாமல் முட்டினால் ஓடுகிறவள் அவுட். ஆனால் கையில் பந்து இல்லை, பந்தை எடுக்கும் அலுவலிலும் இல்லை, சும்மா குறுக்கே நிற்கிறாள் என்றால் வழி ஓடுகிறவளுக்கு. மறித்தவள்தான் பிழை. ஓடி வந்தவள் போக இருந்த இடத்தை நடுவர் அவளுக்குக் கொடுத்துவிட வேண்டும்.

"இரண்டு பேர் முட்டினால், நடுவர் யாருடைய தோள் யாரில் பட்டது என்று பார்க்க வேண்டாம்," என்றார் அவர். "ஒரு கேள்விதான். பந்து எங்கே இருந்தது?"

நான் எழும்பினேன். "சேர், விடிய வெள்ளன குசினி வாசலிலை நானும் மனுசியும் முட்டுப்படுறது வழக்கம். அதிலை ஆர் அவுட்?"

"யாருடைய கையில் தேநீர் இருக்கிறதோ, அவருக்கு வழி."

எல்லோரும் சிரித்தார்கள். பக்கத்தில் இருந்த உடுப்பிட்டிப் பக்கத்து இளம் ரீச்சர் மட்டும் சிரித்துக்கொண்டே அதையும் கொப்பியில் எழுதினா. நான் ஒன்றும் எழுதவில்லை. விளங்கிவிட்டது என்று நினைத்தேன். உண்மையில் விளங்கியும் இருந்தது. அதுதான் பின்னால் என்னைக் கொன்றது.

எங்கள் பக்கத்துப் பள்ளிக்கூடங்களின் இறுதிப் போட்டி புத்தூர்ப் பக்கத்தில் ஒரு மைதானத்தில் நடந்தது. செம்மண் தரை. சோளகக் காற்று அள்ளி அள்ளி வீசியது. பட்டணத்துப் பள்ளிக்கூடம் ஒன்று, கரையோரப் பள்ளிக்கூடம் ஒன்று. வெல்கிற அணி அகில இலங்கைப் போட்டிக்குப் போகும். தலைமை நடுவர் நான். ஓடுகிறவர்கள் பேஸ் என்ற மூன்று மூலைத் தட்டுகளையும் மிதித்துச் சுற்றிவந்து கடைசியில் மிதிக்கும் ஹோம் என்ற இடத்துக்குப் பின்னால் நிற்பது என் வேலை. மற்றப் பக்கங்களைப் பார்க்க அந்த உடுப்பிட்டிப் பக்கத்து ரீச்சர்.

நடுவருக்கு ஒரு நெஞ்சுக் கவசமும் கம்பி வைத்த முகமூடியும் தந்தார்கள். கவசத்தின் பட்டி என் முதுகைச் சுற்றி வரமாட்டேன் என்றது. யாரோ ஒரு பழைய சைக்கிள் ரியூப்பை வெட்டிக் கொண்டுவந்து இழுத்துக் கட்டிவிட்டார்கள். மூச்சை உள்ளே இழுத்தால் வெளியே விட ரியூப் யோசித்தது.

தொடங்கும் முன் இரண்டு அணியையும் கூப்பிட்டு, போட்டிக் குழுவின் ஒழுங்குகளை நானே வாசித்தேன். நல்ல குரலில், மேடையில் வாசிப்பது போல. அதில் ஒன்று இது: தலைமை நடுவர் கண்ணால் கண்டதை எதிர்த்து முறையிட முடியாது. ஆனால் அவர் ஒரு விதியைப் பிழையாகப் பாவித்தார் என்றால், அவர் மைதானத்தின் வெள்ளைக் கோட்டைத் தாண்டமுன் பொறுப்பாசிரியர் முறையிடலாம். தாண்டிய பிறகு முடியாது. பிழையைத் திருத்துவதும் அவர் ஒருவரால்தான் முடியும்.

"ஆகவே நான் தண்ணி குடிக்கப் போனாலும் பின்னாலை ஓடி வாங்கோ," என்றேன். பிள்ளைகள் சிரித்தார்கள்.

ஆட்டம் நன்றாகத்தான் போனது. கடைசிச் சுற்றின் கடைசிப் பாதி. கரையோரப் பள்ளிக்கூடம் ஒரு ஓட்டம் பின்னால் நின்றது. அவர்களில் இரண்டு பேர் அவுட். மூன்றாவது ஆளும் அவுட் என்றால் ஆட்டம் முடிவு. இரண்டாவது பேஸில் அவர்களுடைய தலைவி நின்றாள். மெல்லிய, உயரமான பிள்ளை. அவள் ஹோமுக்கு வந்துவிட்டால் சமம். பிறகும் ஆட்டம் தொடரும்.

அடித்த பிள்ளை நன்றாக அடித்தாள். பந்து தரையோடு போய் வேலிப் பக்கத்தில் நின்ற பட்டணத்துப் பிள்ளையின் காலில் பட்டுத் தெறித்தது. அவள் அதைத் தேடினாள். இங்கே தலைவி மூன்றாவது பேஸைத் தாண்டி ஹோமை நோக்கி வந்துகொண்டிருந்தாள். ஹோமில் பட்டணத்து அணியின் பந்து பிடிக்கிற பிள்ளை. என் மூக்குக்கு முன்னால் நடந்ததை நான் ஒரு சொட்டும் விடாமல் கண்டேன். அந்தப் பிள்ளை இரண்டடி முன்னால் வந்து, ஓடுகிற கோட்டில் கால் இரண்டையும் அகட்டி, கை இரண்டையும் விரித்து நின்றாள். கையில் பந்து இல்லை. பந்து இன்னும் வேலியடியில்.

இந்த இடத்தில் கிளித்தட்டைப் பற்றிச் சொல்லாவிட்டால் வெளியூர் ஆட்களுக்கு என் விசர் விளங்காது. நிலத்தில் குறுக்குக் கோடுகள் கீறி, கோட்டுக்கு ஒருவர் நிற்பார். மற்றவர்கள் அவருடைய கையில் படாமல் அந்தக் கோடுகளைப் பூர்ந்து, இடுக்கால் நுழைந்து, தாண்ட வேண்டும். பட்டால் ஆள் சரி, வெளியே போக வேண்டியதுதான். பந்தும் இல்லை, ஒன்றும் இல்லை. கோடு மறிக்கிறவருடைய சொத்து. இங்கே நடக்கத் தொடங்கிய பிள்ளை எல்லாம் அதை விளையாடியிருக்கும். நான் இப்போதும் புதுவருடப் போட்டிகளில் மறிக்கிறேன். என் உடம்புக்குக் கோட்டில் பாதி தானாகவே அடைபடும்.

ஓடிவந்த பிள்ளையும் அதே ஊர்ப் பிள்ளைதானே. முன்னால் கை விரித்து ஒருத்தி நிற்பதைக் கண்டதும் சட்டென்று நின்றாள். இடப்பக்கம் போவது போலக் காட்டினாள். மறித்தவளும் சாய்ந்தாள். வலப்பக்கம் காட்டினாள். மறித்தவளும் சாய்ந்தாள். பார்த்துக்கொண்டு நின்ற சனத்துக்கு அதற்கு மேல் பேஸ்போல் ஞாபகம் இல்லை.

"மறியடி பிள்ளை, விடாதை."

"உந்தப் பக்கத்தாலை பூரு. குனிஞ்சு பூரு."

"கையைப் பார், கையைப் பார்."

அவள் குனிந்து பூர்ந்தாள். மறித்தவளின் இடுப்பு இவளுடைய தோளில் இடித்தது. இவள் செம்மண்ணில் விழுந்து முழங்காலில் இழுபட்டாள். எழும்பமுதல் எங்கிருந்தோ பந்து வந்தது. மறித்தவள் அதைப் பிடித்து, விழுந்து கிடந்தவளின் முதுகில் தொட்டாள்.

என் முப்பது நாற்பது வருடத்துக் கிளித்தட்டு உடம்பு முழுக்கப் பொங்கி வந்தது. கையைத் தூக்கி, மைதானம் அதிரும்படி "அவுட்" என்றேன். அழகான அவுட். அந்தப் பயிற்சியாளர் கண்டிருந்தால் கை தூக்கிய விதத்துக்கு முழுப் புள்ளி தந்திருப்பார்.

பட்டணத்துப் பிள்ளைகள் துள்ளினார்கள். சனம் கை தட்டியது. உடுப்பிட்டிப் பக்கத்து ரீச்சர் மட்டும் மெதுவாக நடந்து என்னிடம் வந்தா.

"மாஸ்ரர்."

"என்ன ரீச்சர்?"

"அவள் மறிக்கேக்கை பந்து எங்கை இருந்தது?"

வேலியடியில். எனக்குத் தெரியும். அந்தக் கேள்வி அவவின் வாயிலிருந்து முழுதாக வரமுதலே தெரியும். ஓட்டம் சரி. பிள்ளை அவுட் இல்லை. ஆட்டம் முடியவில்லை. நான் செய்ய வேண்டியது இவ்வளவுதான்: கையை மறுபடி தூக்கி, நான் பிழை சொல்லிப்போட்டேன் பிள்ளைகள், திரும்பி வாருங்கள் என்று சொல்வது. ஆறே சொல்.

அந்த ஆறு சொல்லுக்குப் பதிலாக என் வாயிலிருந்து வந்தது இது:

"ரீச்சர், எனக்கு ஒருக்கா அவசரம். காலமை குடிச்ச தேத்தண்ணி வழி கேக்குது. வாறன்."

சொல்லிவிட்டு நடந்தேன். முகமூடியைக் கழற்றவில்லை. கழற்றினால் அதற்குள்ளே முகம் இருக்கும். சைக்கிள் ரியூப் ஒரு பக்கம் அவிழ்ந்து பின்னால் வால் போல ஆடியது. போகிற வழியில் திரும்பிப் பார்த்தேன். கரையோரப் பள்ளிக்கூடத்து ரீச்சர், அந்த அணிக்குப் பொறுப்பானவ, விழுந்த பிள்ளைக்குப் பக்கத்தில் குந்தியிருந்து போத்தல் தண்ணீரால் முழங்காலைக் கழுவிக்கொண்டிருந்தா. அவவுக்கு விதி தெரியும் என்பதும் எனக்குத் தெரியும். முழங்காலைக் கழுவி முடித்ததும் எழும்பி வருவா என்பதும் தெரியும்.

அந்த வெள்ளைக் கோட்டை நான் எப்படித் தாண்டினேன் என்று சொல்ல வேண்டும். தெரியாமல் தாண்டவில்லை. குனிந்து, எங்கே இருக்கிறது என்று பார்த்து, காலைத் தூக்கி வைத்துத் தாண்டினேன்.

மலசலகூடத்துக்குள் போய்க் கதவைப் பூட்டினேன். எனக்கு ஒரு அவசரமும் இல்லை. ஆள் உள்ளே அலுவலாக இருக்கிறது என்று வெளியே கேட்பதற்காகப் பைப்பைத் திறந்தேன். தண்ணீர் வரவில்லை. காற்று மட்டும் வந்தது. பைப்புக்கும் எனக்கும் அன்றைக்கு ஒரே நிலைமை.

வெளியே குரல்கள் கேட்டன. முதலில் அந்தப் பொறுப்பு ரீச்சர்.

"பெரிய அம்பயர் எங்கை? நான் முறையிடோணும்."

"அவர் வெளியிலை போயிட்டார் ரீச்சர்." இது போட்டிக் குழுச் செயலாளர்.

"நான் பிள்ளையின்ரை காலைக் கழுவிக்கொண்டு நிண்டனான். இரத்தம் நிக்கேல்லை."

"அது எனக்கு விளங்குது. ஆனா ஆள் கோட்டைத் தாண்டினா முடிஞ்சுது. காலமை அவரே வாசிச்சவர்தானே."

"மற்ற ரீச்சரைக் கேளுங்கோ. அவவும் கண்டவ."

"நான் கண்டனான்," என்றா உடுப்பிட்டிப் பக்கத்து ரீச்சர். "ஆனா மாத்துறதெண்டா மாஸ்ரர்தான் மாத்தோணும். அவர் வரட்டும்."

கதவுக்கு இந்தப் பக்கம் ஒரு பெரிய மனிதர், கவசம் கட்டி, முகமூடி போட்டு, ஈரமில்லாத பைப்பைப் பிடித்தபடி நின்றார். வெளியே வந்து கோட்டுக்கு உள்ளே போய் நின்று, நான் சொல்லுகிறேன் என்று சொல்லியிருந்தால் யார் தடுத்திருப்பார்கள்? ஒருவரும் இல்லை. அதையும் அப்போதே யோசித்தேன். அதன் பிறகும் நின்றேன். பரிசு கொடுப்பதற்கு ஒலிபெருக்கியில் பெயர் கூப்பிடத் தொடங்கிய பிறகுதான் வெளியே வந்தேன்.

வெளியே தண்ணீர்த் தொட்டியடியில் அந்தப் பிள்ளை நின்றாள். முழங்காலில் துணி கட்டியிருந்தது. அழவில்லை. அழுதிருந்தால் ஏதாவது பகிடி விட்டுச் சமாளித்திருப்பேன்.

"சேர்."

"என்ன பிள்ளை, கால் நோகுதோ?"

"இல்லை சேர். நான் எந்தப் பக்கத்தாலை ஓடியிருக்கோணும்?"

என் வாய் இருக்கிறதே, அது ஒரு நாளும் சும்மா நின்றதில்லை.

"கொஞ்சம் வெளிப்பக்கமா எடுத்திருக்கலாம்," என்றேன். "பரவாயில்லை. அடுத்தமுறை பாப்பம்."

"எனக்கு அடுத்தமுறை இல்லை சேர். இந்த வருசத்தோடை வயது முடியுது."

அவள் இன்னும் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு, "சரி சேர்," என்றுவிட்டுத் தங்கள் வான் வண்டிக்குப் போனாள்.

அடுத்த திங்கட்கிழமை இதை ஆசிரியர் அறையில் கதையாகச் சொன்னேன். சைக்கிள் ரியூப், வால், பைப்பில் வந்த காற்று, எல்லாம் வைத்து. மேசையில் தட்டித் தட்டிச் சிரித்தார்கள். ஒருவர் தேத்தண்ணி புரைக்கேறி வெளியே போனார். வேலியடியில் பந்து கிடந்ததை மட்டும் கதையில் விட்டுவிட்டேன். அந்தப் பிள்ளை கேட்டதையும் விட்டுவிட்டேன். அந்த இரண்டும் இல்லாமல் அது நல்ல பகிடிக் கதைதான். அந்தக் கிழமை மூன்று தரம் சொன்னேன். மூன்றாவது தரம், கடிதம் வந்த அன்று கலியாண லீவில் நின்ற எங்கள் விளையாட்டு ஆசிரியரும் இருந்தார். எல்லோரோடும் சேர்ந்து சிரித்தார். மணி அடித்து எல்லோரும் எழும்பிய பிறகு, என் கதிரைக்குப் பக்கத்தில் நின்று கேட்டார்.

"அண்ணை, அந்தப் பிள்ளை உண்மையிலை அவுட்தானோ?"

நான் மேசையில் கிடந்த கொப்பிகளை அடுக்கத் தொடங்கினேன். அவர் தலையாட்டிவிட்டு விசிலை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அன்றைக்குக் கடிதம் எழுதினேன். போட்டிக் குழுவுக்கு, ஒரு பக்கம், பகிடி இல்லாமல். எனக்கு அப்படி எழுதி வழக்கமில்லாததால் நாலு தரம் கிழித்தெழுதினேன். அதைக் கொண்டுபோய்க் கொடுக்க இன்னும் ஒன்றரைக் கிழமை எடுத்தேன். முதலில் மழை என்றேன், பிறகு சோதனைத் தாள் என்றேன், பிறகு மோட்டர்சைக்கிளில் ஏதோ சத்தம் என்றேன். கொடுத்த அடுத்த நாள் செயலாளர் தொலைபேசி எடுத்தார்.

"மாஸ்ரர், பட்டணத்துப் பிள்ளையள் போய் விளையாடிப்போட்டும் வந்திட்டினம். முதல் ஆட்டத்திலையே தோத்தாச்சு. இனி இதிலை என்னத்தை மாத்துறது?"

"மாத்த வேண்டாம். நான் பிழை விட்டனான் எண்டு எழுத்திலை இருக்கட்டும்."

"உங்களுக்குப் பெரிய மனசு மாஸ்ரர். கடிதத்தைக் கோவைக்குள்ளை சேர்த்து வைக்கிறன்."

பெரிய மனசு. தொலைபேசியை வைத்தேன். கடிதம் கோவையில் போய்ப் படுத்துவிட்டால் அதைப் படிக்க வேண்டிய ஆள் ஒரு நாளும் படிக்கப்போவதில்லை என்பது அப்போதுதான் மண்டையில் ஏறியது.

அடுத்த நாள் பள்ளிக்கூடம் விட்டதும் நேரே அந்தக் கரையோரப் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். வழி முழுக்க, தொடங்குவதற்கு ஒரு நல்ல பகிடி யோசித்தபடி போனேன். ஒன்று அகப்பட்டது. மைதானத்துக்குள் போய், பொறுப்பு ரீச்சரிடம் அதைச் சொன்னேன்.

"ரீச்சர், ஆள் திரும்பக் கோட்டுக்குள்ளை வந்திருக்கு."

அவ சிரிக்கவில்லை. கோபமும் படவில்லை. "வாங்கோ மாஸ்ரர்," என்றா. எனக்கு அதுவே போதும். அதற்குப் பிறகு பகிடி ஒன்றும் வரவில்லை. பந்து எங்கே இருந்தது, நான் கோட்டை எப்படித் தாண்டினேன், பைப், எல்லாவற்றையும் சொன்னேன். இந்த முறை ஒன்றையும் விடவில்லை. கேட்டு முடிய அவ திரும்பி, சின்னப் பிள்ளைகளுக்குப் பந்து எறிந்து கொடுத்துக்கொண்டிருந்த அந்தத் தலைவியைக் கூப்பிட்டா.

"இஞ்சை வா பிள்ளை. சேர் உன்னோடை கதைக்கோணுமாம்."

அவள் வந்தாள். முழங்காலில் தழும்பு கறுத்துப் போயிருந்தது. நான் அந்தத் தழும்பைப் பார்த்துத்தான் சொன்னேன்.

"அண்டைக்கு நீ அவுட் இல்லை பிள்ளை. அவள் பந்தில்லாமல் மறிச்சவள். அது உன்ரை ஓட்டம். நான் பிழை சொன்னனான். பிழை எண்டு தெரிஞ்சும் போனனான்."

"எனக்குத் தெரியும் சேர்."

"என்ன தெரியும்?"

"நான் அவுட் இல்லை எண்டு. ரீச்சர் எங்களை அந்த விதியைப் பத்துத் தரம் கொப்பியிலை எழுத விட்டவ."

"அப்ப எந்தப் பக்கத்தாலை ஓடியிருக்கோணும் எண்டு ஏன் என்னட்டைக் கேட்டனீ?"

அவள் கையிலிருந்த பந்தின் தையலை நகத்தால் நெருடினாள். பெரியவர்களிடம் சொல்லலாமா என்று யோசிப்பது தெரிந்தது.

"பிழை எண்டு நீங்களே சொல்லுவியள் எண்டு பாத்தனான் சேர்."

அவ்வளவுதான் சொன்னாள். குரலில் ஒரு ஏற்ற இறக்கமும் இல்லை. அங்கே சின்னப் பிள்ளைகள் பந்து கேட்டுக் கத்தினார்கள். அவள் ரீச்சரின் முகத்தைப் பார்த்தாள். ரீச்சர் தலையாட்டினா. அவள் ஓடிவிட்டாள்.

நான் நின்றேன். மதிலில் வலை காயப்போட்டிருந்தார்கள். அதைப் பார்ப்பது போல நின்றேன்.

"மாஸ்ரர், பிளேன்ரீ குடிப்பியளோ?" என்று ரீச்சர் கேட்டா.

"ஓம்," என்றேன்.

கொண்டுவந்து தந்தா. ஒரு வாய் குடித்தேன். சீனி போட மறந்துபோனா. இதே வேறு இடமென்றால் அதை வைத்தே கால் மணித்தியாலம் கதைத்திருப்பேன். சீனி கேட்க வெட்கமாக இருந்தது. அப்படியே முழுவதையும் குடித்துவிட்டு, கோப்பையைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு வந்தேன்.